யோகன் அண்ணை மீன் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

இந்த வருடம் எங்கள் வீடுகளில் யாரும் தொலைபேசியை நிம்மதியாக எடுத்ததில்லை. ஊரில் போர் உச்சத்தில் இருந்தது; மணி அடித்தாலே அங்கே யாருக்கு என்னவோ என்றுதான் நினைப்போம். அன்று காலை நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோதும் மணி அடித்தது. ஊர்ச் செய்தி என்று நினைத்துத்தான் எடுத்தேன். பேசியவர் யோகன் அண்ணையின் மனைவி பவானி அக்காவின் தங்கை.

“தயா, யோகன் அத்தான் எங்களை விட்டிட்டுப் போட்டார். காலமை அக்கா தேத்தண்ணி கொண்டு போய் எழுப்பினவ. எழும்பேல்லை.”

தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் அப்படியே நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு வருடமாக அவரோடு நான் பேசவில்லை. ஒருநாள் பேசுவேன், அன்றைக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத் தீர்ப்பேன் என்று மனதுக்குள் கேள்விகளை அடுக்கி வைத்திருந்தேன். மனிதர் அதற்கு இடம் வைக்காமல் போய்விட்டார். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

டொக்டர் யோகநாதனை இந்தப் பக்கங்களை வாசிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கடற்பிராணிகளைப் பற்றிக் கதை சொன்னவர், எந்தக் கல்யாண வீட்டிலும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பரிமாறியவர்களோடு சேர்ந்து சாப்பிட்டவர், மகள் வாங்கிக் கொடுத்த கோட்டு சூட்டைப் போடாமல் அரைக்கைச் சட்டையோடு விழாக்களுக்கு வந்தவர். எனக்கு அவர் யோகன் அண்ணை. இங்கே சிட்னியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். ஆய்வுகூடம் அவருடைய பொறுப்பில் இருந்தது. நான் அதில் ஆராய்ச்சி உதவியாளர்.

தகனசாலையின் மண்டபத்தில் அன்று உட்கார இடம் இல்லை. கெல்லிவில் பகுதியிலிருந்து வந்திருந்த ரகுராமன் பேச எழுந்தார். அவர் யோகன் அண்ணையின் மகளின் மாமனார், தமிழ்நாட்டுக்காரர், நன்றாகப் பேசுவார். அவர் சொன்னது மீன் கதை. அந்தக் கதையை அறியாதவர்களுக்காக அவர் சொன்னபடியே தருகிறேன்.

“சாரோட லாப்ல ஒரு அம்மா கடல் பிராணிங்களை ஒரு வாரம் பட்டினி போட்டு வச்சிருந்தாங்க. வயித்துல எதுவும் இருக்கக் கூடாது, இருந்தா சோதனை கெட்டுப்போயிடும். ஞாயித்துக்கிழமை சார் தற்செயலா உள்ள போறாரு. அதுங்க வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. சாருக்கு மனசு கேக்கல. மீன் துண்டு போட்டுட்டாரு. அந்த அம்மாவோட மொத்த ஆராய்ச்சியும் போச்சு. சார் சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரியாது. ஆனா திங்கக்கிழமை காலைல அவரே போய்ச் சொன்னாரு, தப்பு என்னோடதும்மா அப்படின்னு. தன் தப்பைத் தானே வந்து சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்ங்க. அது அவர்கிட்ட இருந்தது.”

மண்டபம் சிரித்தது, பிறகு கண்களைத் துடைத்தது. முன்வரிசையில் இருந்த பவானி அக்கா திரும்பி என்னைத் தேடிப் பார்த்துத் தலையை அசைத்தார். வெளியே வந்தபோது முன்பின் தெரியாதவர்கள்கூட என் கையைப் பிடித்து, “நீங்கள்தானோ அந்த அம்மா?” என்று கேட்டார்கள். நானும் ஓம் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஓம், அந்த அம்மா நான்தான். ஆனால் அந்தக் கதை நடந்தது அப்படி இல்லை. எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் அவரிடம் நான் பெற்றதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் வயிற்றெரிச்சலில் எழுதுவதாக நினைப்பீர்கள். வயிற்றெரிச்சல் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கணவரோடு இங்கே வந்தவள் நான். விலங்கியலில் பட்டம் இருந்தது, இலங்கையில் ஆய்வுகூடத்தில் வேலை செய்த அனுபவமும் இருந்தது. இங்கே அவை எதற்கும் உதவவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். யாரோ சொல்லி யோகன் அண்ணை என்னைக் கூப்பிட்டார். என் சான்றிதழ்களை எடுத்து நீட்டினேன். அவர் அவற்றை வாங்கவில்லை. ஒரு சிறு குழாயையும் பிப்பெட்டையும் என் முன்னால் வைத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஒரு துளியை எடுத்து இன்னொரு குழாயில் விடச் சொன்னார். விட்டேன். திரும்பவும் விடச் சொன்னார். பிறகு, போதும் என்று கையைக் காட்டிச் சொன்னார்: “காணும். பட்டத்தை அவையள் பாக்கட்டும், எனக்குக் கை காணும். திங்கக்கிழமை வாங்கோ.” அன்றிரவு எங்கள் வீட்டில் பாயாசம் காய்ச்சினோம்.

எங்கள் வேலை கடற்சாமந்தியோடு. பெயரைக் கேட்டுப் பூ என்று எண்ண வேண்டாம், அது விலங்கு. பாறையில் ஒட்டிக்கொண்டு, வாயைச் சுற்றியுள்ள கைகளால் இரை பிடித்துத் தின்னும். தலை இல்லை, எலும்பு இல்லை. சிட்னிக் கரையில் சிவப்பு நிறத்தில் ஒரு வகை உண்டு. கடல் வற்றும் நேரத்தில் பார்த்தால் யாரோ பாறையில் ஜாம் சிந்தியது போல இருக்கும். அனுமதிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாளியோடு நானும் யோகன் அண்ணையும் பாறைகளில் குந்தியிருப்போம். ஒருமுறை நாயோடு நடக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் எங்கள் வாளியை எட்டிப் பார்த்து, இதையும் சமைப்பீர்களா என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. யோகன் அண்ணை எழுந்து நின்று மிக மரியாதையாக, “இல்லை அம்மணி, இவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண்மணி நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் காருக்குள் ஏறும்வரை சிரித்தோம்.

சொந்தக்காரர்கள் என்றது வேடிக்கைக்கு மட்டும் அல்ல. எங்கள் கேள்வியே அதுதான். மரபணுவை ஒரு நீண்ட வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே பொருளோடு சேராத துண்டுகள் ஆங்காங்கே கிடக்கும். உயிரணு அந்த வாக்கியத்தைப் படியெடுத்து, அந்தத் துண்டுகளை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டித்தான் பயன்படுத்தும். இந்தத் துண்டுகளுக்கு இன்ட்ரோன் என்று பெயர். யோகன் அண்ணை இடைச்செருகல் என்பார். பழம்பாட்டுகளில் பிற்காலத்தார் நுழைத்த வரிகளை நம் பண்டிதர்கள் சொல்கிற அதே சொல். பண்டிதர்கள் போடுகிற சண்டையைத்தான் அந்தக் காலத்தில் எங்கள் துறையும் போட்டுக்கொண்டிருந்தது. இந்தத் துண்டுகள் ஆதியிலேயே இருந்தவையா, பிற்பாடு நுழைந்தவையா? யோகன் அண்ணை பிற்பாடு நுழைந்தவை என்ற கட்சி. மனிதனில் அவை நிறைய இருக்கின்றன, ஈயில் குறைவு. அப்படியானால் ஈயைவிட எளிய கடற்சாமந்தியில் இன்னும் குறைவாகத்தானே இருக்கும் என்பது அவர் வாதம். அதை நம்பித்தான் ஆராய்ச்சி நிதி கேட்டு எழுதியிருந்தார். கிடைத்தும் இருந்தது.

கூட்டங்களில் யாராவது தேவையில்லாமல் நீட்டி முழக்கினால் என் பக்கம் குனிந்து, “இது இடைச்செருகல். வெட்டிப்போட்டு மிச்சத்தைக் கேளுங்கோ” என்பார். இன்னொன்றும் அவர் அடிக்கடி சொல்வது. ஒருமுறை என் சோதனையில் ஒன்று மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. பிழையாக்கும் என்று விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் குறித்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. “வந்ததை எழுதுங்கோ தயா. வரவேண்டியதை எழுதாதேங்கோ” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் எதையும் விட்டதில்லை. என் வேலைக்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதென்றால் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது.

விரதம் என்பது எங்கள் ஆய்வுகூடத்துச் சொல். கடற்சாமந்தியை அரைத்து மரபணுவை எடுக்கும்போது அதன் வயிற்றில் கிடக்கும் இரையும் சேர்ந்து அரைபடும். பிறகு கையில் இருப்பது எதனுடைய மரபணு என்று தெரியாது. அதனால் அரைப்பதற்கு முன் ஒரு வாரம் சுத்தமான கடல்நீரில் பட்டினி போடுவோம். கந்தசஷ்டி நாளில் யோகன் அண்ணையும் சாப்பிடாமல் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, “நானும் நீங்களும் ஒண்டு” என்று அவற்றிடம் சொல்வார். அந்த வாரத்தில் தொட்டியின் மேல் விரதம் என்று தமிழில் எழுதி ஒட்டுவேன். எங்களைத் தவிர அங்கே யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாள் ஒட்டியிருந்தால் யாரும் இரை போடக்கூடாது என்று துப்புரவு செய்பவர் உட்பட எல்லாருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு அந்த முடிவு வந்தது. அந்தக் காலத்தில் மரபணுவின் எழுத்துகளைக் கதிரியக்க இரசாயனம் போட்டு எக்ஸ்ரே படத்தில் பதிய வைத்துத்தான் வாசிப்போம். ஈரம் காயாத படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்து இரண்டு தடவை வாசித்தேன். கடற்சாமந்தியின் மரபணுவுக்குள் இடைச்செருகல்கள் இருந்தன. அதைவிடப் பெரிய விடயம், மனிதனின் அதே மரபணுவில் எந்த எந்த இடங்களில் இருக்கின்றனவோ அதே இடங்களில் இருந்தன. இரண்டு பேர் தனித்தனியாக எழுதிய நூல்களில் ஒரே இடத்தில் ஒரே இடைச்செருகல் வருமா? மனிதனும் கடற்சாமந்தியும் பிரிவதற்கு முன்னிருந்த மூதாதையிடமே அவை இருந்திருக்க வேண்டும். ஈதான் வழியில் தொலைத்திருக்கிறது. எளிய உயிர் ஆதிப்பாடத்தை அப்படியே வைத்திருக்கிறது.

யோகன் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். “வடிவா வந்திருக்கு” என்றார். படத்தை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை நான் போகும்போது அவர் எனக்கு முன்பே வந்து என் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அந்த விரத வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை தான் ஆய்வுகூடத்துக்கு வந்ததாகவும், தாளைக் கண்டும் மனம் பொறுக்காமல் மீன் போட்டதாகவும் சொன்னார். “அதுகள் கையை விரிச்சுக்கொண்டு நிண்டதுகள். பாவமாக் கிடந்தது. தீத்திப்போட்டன் தங்கச்சி. மறந்தும்போனன். உங்கட படத்தைக் கண்ட பிறகுதான் நினைவு வந்தது.”

எனக்கு விளங்கிவிட்டது. மீனும் நம்மைப் போல முள்ளந்தண்டுள்ள பிராணி. அதன் இடைச்செருகல்கள் நம்முடைய இடங்களிலேயே இருக்கும். அந்த மரபணு எல்லா விலங்குகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு வாசிப்புகள் இல்லாத அந்த நாளில் எழுத்தைப் பார்த்து இது மீன், இது சாமந்தி என்று பிரிக்க முடியாது. நான் கண்டது மீனாக இருக்கலாம். இருக்கலாம் என்ற ஒரு சொல் போதும், ஆராய்ச்சியில் அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. அவர் கண் கலங்கியிருந்தது. நான் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆறுதலும் சொன்னேன். சேர்ந்து வேலை செய்கிற மனிதர் ஒருவர் இப்படி வந்து தன் பிழையைச் சொல்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பச் செய்து பார்ப்போம் என்றேன். அந்த வாரமே நான் கருவுற்றிருப்பது தெரிந்தது. கதிரியக்கத்தைத் தொட எனக்கு அனுமதி இல்லாமல் போயிற்று. “நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ. நான் செய்து தாறன்” என்றார். புதிதாகச் சாமந்திகள் எடுத்தார், விரதம் வைத்தார், தாளையும் அவரே ஒட்டினார். நான் விடுமுறையில் இருந்தபோது ஒருநாள் பவானி அக்காவின் பத்தியக் கறியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “வரேல்லை, தங்கச்சி. ஒரு இடைச்செருகலும் இல்லை. அது மீன்தான்.”

நான் நம்பினேன். ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்? வந்ததை எழுதச் சொன்னவரே வரவில்லை என்கிறார்.

விடுமுறை முடிந்து திரும்பியபோது என் குழாய்களைக் குளிர்ப்பெட்டியிலிருந்து அகற்றியிருந்தார்கள். சந்தேகமான பொருள் இடத்தை அடைத்துக்கொண்டு ஏன் கிடக்க வேண்டும் என்றார் அவர். படமும் இல்லை. அவருக்கு நிதி புதுப்பிக்கப்பட்டது. எனக்கு அந்த வேலையில் கை போகவில்லை. பிப்பெட்டை எடுத்தாலே இதற்குள் என்ன கலந்திருக்கிறதோ என்று தோன்றும். கொஞ்ச நாளில் ஆராய்ச்சியை விட்டு ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாறினேன். இன்றுவரை அங்கேதான்.

மீன் கதையை ஊருக்குச் சொன்னவர் யோகன் அண்ணைதான். கல்யாண வீடுகளில் சொன்னார். தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு, செய்த பிழையை மறைக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாகச் சொன்னார். ஒருமுறை எங்கள் இரண்டு குடும்பமும் மெல்பேர்ணுக்குப் போயிருந்தோம். அங்கே த பேசின் என்ற இடத்து விநாயகர் கோயிலில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொன்னார். “இந்தப் பிள்ளை விரதம் இருக்க வச்ச சீவன்களுக்கு நான் மச்சம் தீத்தின பாவி” என்று என்னைக் கைகாட்டினார். கோயில் பந்தியில் மீன் கதையா என்று பவானி அக்கா அதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தோல்வியை வைத்து அவர் நல்ல பெயர் வாங்குகிறார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு மடைச்சி நான்.

இரண்டு வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் ஒரு குழு ஒரு கடற்சாமந்தியின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டது. ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் செய்தியைக் கண்டேன். கடற்சாமந்தியில் இன்ட்ரோன்கள் ஏராளம் என்றும், பெரும்பாலானவை மனிதனில் உள்ள அதே இடங்களில் இருக்கின்றன என்றும் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு யோகன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு அப்போது சந்தோஷம் மட்டும்தான்; அவர் திருப்பிச் செய்தபோது ஏதோ பிழைத்திருக்கும் என்று நினைத்தேன். “அண்ணை, மீன் விழுந்திருந்தாலும் நான் கண்டது சாமந்தியாயும் இருந்திருக்கலாம் எல்லே” என்றேன். எங்கை வாசிச்சனீங்கள் என்று கேட்டார். பிறகு, சனிக்கிழமை வாறன் என்றார்.

குவேக்கர்ஸ் ஹில்லில் நாங்கள் பிற்பாடு வாங்கிய வீட்டுக்கு அவர் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. பின்முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தோம். என் கணவர் மகளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். யோகன் அண்ணை தேத்தண்ணியைத் தொடவில்லை.

“தயா, அண்டைக்கு நான் மீன் போடேல்லை.”

“எண்டைக்கு?”

“அந்த ஞாயிறு. நான் லாபுக்கே போகேல்லை. வீட்டிலைதான் நிண்டனான்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் ஏதோ மறதி நோயைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு கேட்டேன்: “அப்ப திருப்பிச் செய்து பாத்தது?”

“செய்தனான். வந்தது, தங்கச்சி. நீங்கள் கண்ட மாதிரியே, அதே இடங்களிலை. நம்பேலாமல் இன்னொருக்காவும் செய்தனான். அதிலையும் வந்தது.”

“பிறகேன் அண்ணை?”

“நிதி முடியிற நேரம். நான் எழுதிக் குடுத்தது முழுக்க அதுக்கு எதிர்மாறு. இது வெளியாலை போயிருந்தால் லாபை மூடியிருப்பினம். உங்கட வேலையும் போயிருக்கும். கைக்குழந்தையோட என்ன செய்திருப்பியள்?”

“என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தால், எழுதுங்கோ எண்டுதான் சொல்லியிருப்பியள்.”

“ஓம். அதைத்தான் சொல்லியிருப்பன்.”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்கத் தொடங்கினேன். காய்ந்ததையும் எடுத்தேன், காயாததையும் எடுத்தேன். வேலை கொடுத்தவர், என் பிள்ளையைத் தூக்கியவர், எனக்காக ஒரு பெண்மணியின் முகத்துக்கு நேரே நின்று பேசியவர். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அல்லவா வரவில்லை என்று சொன்னார். அவளைக் கீழே விட்டுவிட்டாவது சொல்லியிருக்கலாம். என் முதுகுக்குப் பின்னால் அவர் எழும்புகிற சத்தம் கேட்டது.

“இதைப் பவானிக்குச் சொல்லாதேங்கோ” என்றார். பிறகு, “போட்டு வாறன்” என்றார். நான் திரும்பவில்லை.

அதன்பிறகு அவரிடமிருந்து வந்த அழைப்புகளை நான் எடுக்கவில்லை. பவானி அக்கா கேட்டபோது வேலை அதிகம் என்று சமாளித்தேன். எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அவர் ஒருநாள் ஏதாவது ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த மீன் கதையைத் திருத்திச் சொல்வார். அதைச் சொல்லக் கூடிய மனிதர்தான் அவர் என்று உள்ளுக்குள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் தமிழ்ப் பள்ளி விழாவுக்கு, எனக்குப் பிடிக்காவிட்டாலும், அதற்காகவே போனேன். அவர் மேடையேறினார். மீன் கதையைச் சொன்னார். பழையபடியே சொன்னார். நான் எந்த வரிசையில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் அவர் பார்க்கவில்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதற்பொய் பயத்தில் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நிதி, வேலை, குடும்பம் என்று ஆயிரம் இருக்கும். நானும் அகதியாக வந்தவள்தான், அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்ன பிறகும் மேடையில் அதே கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்க எப்படி மனம் வந்தது? அன்று என்னிடம் வந்தது பாரத்தை இறக்கி வைக்கவா? இறக்கி என் தலையில் வைத்துவிட்டுத் தான் கைவீசி நடக்கவா?

ஈமக்கிரியைகள் முடிந்த கையோடு பவானி அக்கா என்னைக் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். “மீன் கதையை நீங்கள்தான் எழுதவேணும் தயா. நடந்த ஆள் நீங்கள்” என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். இரண்டு பந்தி தாண்டவில்லை. எந்தச் சொல்லை எழுதினாலும் அது அவர் சொல்லாக இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தக் கதை அச்சில் ஏறிவிடும். அதில் நான் என்றென்றைக்கும், மீனைச் சாமந்தி என்று நினைத்து ஏமாந்த அந்த அம்மா. அவர் என்றென்றைக்கும் பெருமனதுக்காரர்.

அவரிடம் நான் எந்தச் சத்தியமும் செய்து கொடுக்கவில்லை. ஒரு மாலை பவானி அக்காவிடம் போனேன். குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். கீரை முடிந்த பிறகும் கையில் ஒரு தண்டை வைத்துக்கொண்டு இருந்தார்.

“அவர் உங்களிட்டை மன்னிப்புக் கேட்டவரோ?”

யோசித்துப் பார்த்தேன். “இல்லை அக்கா. காரணம் சொன்னவர்.”

“ஓம். அவர் காரணம் சொல்லுவார்.”

எழுந்து போய்க் கீரையைக் கழுவினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சொன்னார்: “மலரிலை போட ஏலாது தயா. பிள்ளையள் வாசிப்பினம், பேரப்பிள்ளையள் வச்சிருப்பினம். வேறை எங்கையாவது போடுங்கோ. நான் மறிக்கமாட்டன்.” பிறகு என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். மலர் போன வாரம் வந்தது. மீன் கதையை ரகுராமன் எழுதியிருக்கிறார், நன்றாகவே எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில், போனவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது என்று ஏதாவது ஒன்றைச் சொல்வது வழக்கம். எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஆஸ்பத்திரியில் ஒரு முடிவைத் தெளிவாகக் கண்டாலும் பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு, இது உனக்கும் இப்படித்தான் தெரிகிறதா என்று கேட்காமல் என்னால் கையெழுத்து வைக்க முடியாது. அவள் சிரிப்பாள். கையைப் பார்த்து வேலை தந்த மனிதர் என் கண்ணை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டார். அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் இல்லை என்று நினைக்கும்போது அழுகிறேன். இரண்டும் என்னிடம் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

சிட்னிக் கரையின் அந்தச் சிவப்புச் சாமந்திக்குள் என்ன இருந்தது என்பதை அந்த நாளில் கண்டவர்கள் இரண்டே பேர். முதலில் நான், பிறகு அவர். என்னிடம் படம் இல்லை, குழாய் இல்லை, ஒரு வரி எழுத்தும் இல்லை. யாராவது கேட்டால், ஓம், இவள் கண்டாள், நானும் கண்டேன் என்று சொல்லக்கூடிய ஒரேயொரு மனிதரைத்தான் அன்று நீங்கள் எல்லாரும் கூடி அனுப்பி வைத்தீர்கள். அவர் சொன்னதை நீங்கள் ஒரு சாட்சியும் கேட்காமல் நம்பினீர்கள். நானும் சாட்சி இல்லாமல்தான் சொல்கிறேன்.